மலையேறினால் காது அடைக்கும்: பொறுப்பில் இருப்பவரின் தனிமை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பேருந்தில் பாதி மலை தாண்டும்போது பலருக்கும் காது அடைக்கும். பக்கத்து இருக்கையில் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பேசுகிறவர் குரலும் தேயவில்லை, நம் காதும் கெடவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 1,200 மீட்டர் ஏறுவதால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் காற்று அடிவாரத்து அழுத்தத்திலேயே நின்று பறையை வெளியே தள்ளுகிறது. எச்சில் விழுங்கினால் தொண்டைக்கும் காதுக்கும் நடுவிலுள்ள குழாய் திறந்து இரண்டும் சமமாகும்.

பொறுப்புக்கு வந்தவரின் தனிமையும் ஏறக்குறைய இப்படித்தான். சுற்றியுள்ள ஆட்கள் அப்படியே இருப்பார்கள். பேச்சு மட்டும் காதில் விழாது.

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். பத்து வருடம் பற்றவைப்பில் உட்கார்ந்தவரை முதலாளி மேஸ்திரியாக்குகிறார். காலையில் அவர் வெள்ளியை எடைபோட்டுக் கொடுக்க வேண்டும். மாலையில் கொலுசு, வெட்டுத்துண்டு, அரப்பொடி எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டுத் திரும்ப வாங்க வேண்டும். இடையில் குறையும் எடைதான் சேதாரம். அனுமதித்த அளவுக்குமேல் போனால் அது யாரோ ஒருவர் கூலியில் பிடிபடும். நேற்றுவரை ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள் இன்று அவர் விரல் தராசுத் தட்டில் படுகிறதா என்று பார்க்கிறார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நிற்கிறது. “என்னப்பா விஷயம்?” என்றால் “ஒண்ணும் இல்லீங்கண்ணா.” முன்பு ‘ண்ணா’ மட்டும் இருந்தது. ‘ங்க’ நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அவர் குணம் மாறவில்லை, அவர்கள் குணமும் மாறவில்லை. நடுவில் ஒரு தராசு வந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘நன்றி கெட்டவர்கள்’ என்றோ ‘எனக்குத் தலைமை தாங்கும் ராசி இல்லை’ என்றோ முடிவுகட்டுவதில்தான் பாதிச் சிக்கல்.

உடம்பு அடிக்கும் மணி

தனிமையுணர்வு என்பது ஆள் எண்ணிக்கையின் கணக்கு அல்ல. வேண்டும் என்று மனம் நினைக்கும் உறவுக்கும் கையில் இருக்கும் உறவுக்கும் உள்ள இடைவெளி அது. சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-இல் இதை இரண்டாகப் பிரித்தார். நெருங்கிய ஓர் ஆள் இல்லாத ஏக்கம் ஒன்று. சேர்ந்து புழங்க ஒரு கூட்டம் இல்லாத ஏக்கம் இன்னொன்று. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்ட மேலாளருக்கு வீட்டில் மனைவி இருப்பார். பனிமூட்டம் இறங்கிய பிறகு சமமாக உட்கார்ந்து பேச அக்கம்பக்கத்தில் ஒரு கூட்டம் இருக்காது. பட்டறை மேஸ்திரியைச் சுற்றி நாள் முழுக்க இருபது பேர் இருப்பார்கள், மனம்விட்டுப் பேச ஒருவர் இருக்கமாட்டார். முதலாமவருக்கு வேண்டிய மருந்தை இரண்டாமவருக்குக் கொடுத்தால் கேட்காது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கசியோப்போ பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது இது: தனிமையுணர்வு பசி, தாகம் போன்ற ஓர் எச்சரிக்கை மணி. கூட்டத்தைவிட்டு விலகிய மனிதன் பிழைப்பது அரிது என்றிருந்த காலத்தில் உருவான மணி. 2020-இல் லிவியா டோமோவா குழுவினர் 40 பேரை ஒரு நாள் 10 மணி நேரம் யாரையும் பார்க்காமலும் பேசாமலும் இருக்கச் செய்தார்கள். வேறொரு நாள் 10 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் செய்தார்கள். பசித்தவருக்கு உணவுப் படத்தைக் காட்டினால் நடுமூளையில் எந்தப் பகுதி துடித்ததோ, தனித்திருந்தவருக்கு மனிதர்கள் கூடியிருக்கும் படத்தைக் காட்டியபோதும் அதே பகுதி துடித்தது.

பசிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பசித்தவனுக்குச் சோறு எதிரியாகத் தெரியாது. நாள்பட்ட தனிமையில் இருப்பவருக்கு மனிதர்கள் எதிரியாகத் தெரிவார்கள். மூளை காவல் நிலைக்குப் போய்விடுவதால் சாதாரண முகத்தில் கடுப்பும், மௌனத்தில் சதியும் தெரியும். அவர் விறைப்பாவார், அதைப் பார்த்து மற்றவர்கள் விலகுவார்கள், ‘அன்றே நினைத்தேன்’ என்று அவர் உறுதிசெய்துகொள்வார். உடம்பிலும் இது தெரியும். தனிமையுணர்வு மிகுந்தவர்களின் தூக்கம் இரவில் துண்டுதுண்டாக உடைவதை ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. 156 பேரிடம் செய்த ஓர் ஆய்வில் (2006), முதல் நாள் தனிமையை அதிகம் உணர்ந்தவர்களுக்கு மறுநாள் காலை மனஅழுத்த ஹார்மோனான கார்டிசாலின் சுரப்பு கூடுதலாக எகிறியது. அரைகுறைத் தூக்கத்தோடு எழுந்து பட்டறைக்குப் போகும் மேஸ்திரி முகத்தைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

நாற்காலி சேர்க்கும் மூன்று அடைப்புகள்

இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொது. பொறுப்பு இதோடு மூன்றைச் சேர்க்கிறது.

முதலாவது, கெட்ட செய்தி மேலே ஏறாது. அதைச் சொல்ல மனிதர்கள் தயங்குவதை 1970-இல் சிட்னி ரோசனும் ஆபிரகாம் டெஸ்ஸரும் சோதனையில் காட்டினார்கள். கேட்பவர் கையில் கூலி இருந்தால் தயக்கம் இன்னும் கூடும். இரண்டாவது, நல்லது செய்தாலும் சந்தேகம் வரும். 2012-இல் இனா இனெசியும் உடன் ஆய்வாளர்களும் கண்டது: அதிகாரத்தில் இருப்பதாக உணர்பவரிடம், பிறர் தனக்குச் செய்யும் உதவியை ‘காரியத்துக்காகச் செய்கிறார்’ என்று எடுத்துக்கொள்ளும் போக்கு கூடுகிறது. மேஸ்திரி வீட்டுக்கு ஒரு கூடை சேலத்து மாம்பழம் வந்தால் பழத்தை ருசிக்கும் முன்பே ‘முன்பணம் கேட்பானோ’ என்ற நினைப்பு வந்துவிடும். சில நேரம் அந்த நினைப்பு சரியாகவும் இருக்கும் என்பதுதான் கொடுமை.

மூன்றாவது ரகசியம். அடுத்த மாதம் ஆர்டர் குறைகிறது, இரண்டு பேரை நிறுத்த வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும், சொல்ல முடியாது. ரகசியத்தின் பாரம் பிறரிடம் மறைக்கும் நேரத்தைவிட, தனியாக இருக்கும்போது அதையே திரும்பத் திரும்ப நினைப்பதில்தான் அதிகம் என்பது மைக்கேல் ஸ்லெபியனின் ஆய்வு முடிவு (2017). வண்டி ஓட்டும்போதும் குளிக்கும்போதும் அது கூடவே வரும்.

‘உச்சியில் இருப்பவர்கள் எல்லாரும் தனிமையில் வாடுகிறார்கள்’ என்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆடம் வேட்ஸ் குழுவின் 2015 ஆய்வுகளில் அதிகார உணர்வு தனிமையைக் குறைக்கவே செய்தது. எங்கள் பார்வையில் இதில் முரண் இல்லை. முடிவெடுக்கும் உரிமை நிறைய உள்ள முதலாளி வேறு, உரிமை குறைவாகவும் பதில்சொல்லும் கடமை நிறையவும் உள்ள மேஸ்திரி, தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர், மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர் ஆகியோர் வேறு. மேலேயும் சேர்த்தி இல்லை, கீழேயும் சேர்த்தி இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அளந்து பார்க்க

ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மூன்று கேள்விச் சோதனை ஒன்று உண்டு. துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ஒதுக்கப்பட்டதாக? பிறரிடமிருந்து துண்டிக்கப்பட்டதாக? ‘அரிதாக’ என்றால் 1, ‘சில நேரம்’ 2, ‘அடிக்கடி’ 3. கூட்டினால் 3-க்கும் 9-க்கும் இடையில் வரும். 6-ம் அதற்கு மேலும் வந்தால் தனிமையுணர்வு என்று பல ஆய்வுகள் எடுத்துக்கொள்கின்றன. சம்பளம் போடும் நாளிலோ சண்டை நடந்த நாளிலோ அளக்காதீர்கள். சாதாரண நாளில் ஒருமுறை, ஆறு வாரம் கழித்து ஒருமுறை போதும்.

சரிசெய்யும் வேலை

2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு தனிமைக்கான நான்கு வகைச் சிகிச்சைகளை ஒப்பிட்டது: பழகும் திறனைக் கற்றுத்தருவது, ஆதரவு கொடுப்பது, கூடிப்பழக வாய்ப்பை ஏற்படுத்துவது, பிறரைப் பற்றிய தவறான வாசிப்பைத் திருத்துவது. நான்காவதுதான் அதிகம் பலன் தந்தது. ஆகவே ஒரு நோட்டு வாங்கி நான்கு பத்தி கோடுபோடுங்கள்: நடந்தது, மனம் சொன்னது, வேறு என்னவாக இருக்கலாம், நாளை எப்படிச் சரிபார்ப்பது. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம், இரண்டு வாரம். முதல் பத்தியில் கேமராவில் பதிவாகும் விஷயம் மட்டும் இருக்க வேண்டும். ‘நான் வந்ததும் நான்கு பேர் பேச்சை நிறுத்தினார்கள்’ என்று எழுதலாம். ‘என்னை மதிக்கவில்லை’ என்பது இரண்டாவது பத்திக்குரியது. பெரும்பாலானோர் வழுக்கி விழும் இடம் இதுதான். மூன்றாவது பத்தியில் ‘வேலை நேரத்தில் பேசியது தெரிந்துவிட்டதே என்ற பயம்’ என்பதும் ஒரு வாய்ப்பு. சரிபார்ப்பது என்றால் ‘என்ன சிரிப்பு?’ என்று கேட்பது அல்ல, அது விசாரணை. பழைய பலகையில் போய் 15 நிமிடம் உட்கார்ந்து நான்கு வளையம் பற்றவையுங்கள். கை வேலையில் இருக்கும்போது, கண்ணைக் கண் பார்க்காதபோது, பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, எழுந்து போய்விட்டு மறுநாள் வாருங்கள்.

அடுத்து தராசு. எடையை மேஸ்திரி வாசிப்பதற்குப் பதில் வேலைசெய்தவரே உரக்க வாசித்துத் தன் சிட்டையில் எழுதட்டும், மேஸ்திரி தன் பேரேட்டில் எழுதட்டும். எவ்வளவு சேதாரம் வரை பிடித்தம் இல்லை என்பது சுவரில் எழுதியிருக்கட்டும். அதற்குமேல் போனால் முடிவு விதியினுடையது, அவருடையது அல்ல. மலையில் காப்பிப் பழம் அளக்கும் இடத்திலும் இதே முறை செல்லும். நவம்பர் முதல் ஜனவரி வரையிலான பறிப்புக் காலத்தில் மாலை இருட்டில் அவசரமாக நிறுக்கும்போதுதான் மனக்கசப்பு விளைகிறது. ஒரு நல்ல விளக்கு அங்கே பாதி மனோதத்துவம்.

கீழிருந்து செய்தி வர வேண்டுமென்றால் கேள்வியை மாற்றுங்கள். ‘ஏதாவது பிரச்சினை இருக்கா?’ என்றால் ‘இல்லீங்கண்ணா’தான். ‘இந்த வாரம் எந்த உருப்படி கையைக் கடிச்சது?’ என்றால் பதில் வரும். வந்த முதல் கெட்ட செய்திக்கு உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதை இருபது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘சொன்னது நல்லதாச்சு’ என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். மூன்று நாளுக்குள் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டுங்கள், முடியாதென்றால் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். மருத்துவமனைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், தலைமை நல்லபடி இருந்த பிரிவுகளிலிருந்துதான் அதிகத் தவறுகள் பதிவாகி வந்ததைக் கண்டார். அங்கே தவறு அதிகம் என்று பொருளல்ல, வாய் திறக்க முடிந்தது.

ஆனால் உங்கள் பாரத்தைக் கீழே இறக்கிவைக்காதீர்கள். கூலி வாங்குபவரால் ‘இன்னைக்கு வேணாம்ணா’ என்று சொல்ல முடியாது. அவர்களில் ஒருவரை மட்டும் நெருக்கமாக்கிக்கொண்டால் ஒரே வாரத்தில் அவர் பட்டறைக்கே ‘ஒத்து ஊதுகிறவர்’ ஆகிவிடுவார், மிச்சமிருந்த பேச்சும் நின்றுபோகும். மொத்தத்தையும் மனைவியின் அல்லது கணவரின் தலையில் கொட்டுவதும் ஓட்டைக் குடத்தில் நீர் பிடிப்பதுதான். இரவு ஒரு குவார்ட்டர் தூக்கம் வரவைக்கும், பின்னிரவில் அதே தூக்கத்தைக் கெடுக்கும். ஆண்டுக்கொரு பிரியாணி விருந்தில் எல்லோரும் சாப்பிடுவார்கள், ‘ங்க’ போகாது.

பாரத்தை இறக்கும் இடம் ஏணிக்கு வெளியே இருக்க வேண்டும். அதே அளவு பொறுப்பில், வேறு தொழிலில் இருக்கும் இரண்டு பேர்: ஒரு ஜவ்வரிசி ஆலை மேலாளர், ஒரு தலைமையாசிரியை. ஒரே முதலாளியும் ஒரே வாடிக்கையாளரும் இருக்கக் கூடாது. ஆளுக்குப் பத்து நிமிடம் பேசலாம், கேட்காமல் ஆலோசனை சொல்லக் கூடாது, பெயர்கள் அறையைத் தாண்டக் கூடாது. கைமாற்றும் சீட்டும் உள்ளே வரவே கூடாது. பணம் நுழைந்தால் அங்கேயும் ஒரு தராசு வந்துவிடும். பொறுமையும் வேண்டும். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்பது ஜெஃப்ரி ஹாலின் கணக்கு. வாரம் ஒரு மணி நேரம் என்றால் முதல் படிக்கே ஓராண்டு.

யாரிடமும் சொல்லவே முடியாத ரகசியத்துக்கு ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் சோதித்த வழி இருக்கிறது: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், நிறுத்தாமல், பிழை பார்க்காமல் எழுதுவது. எழுதி முடித்ததும் மனம் சற்றுக் கனக்கும், ஆகவே படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். தாளைக் கிழித்துப்போட்டுவிடலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் அது தனிமையைத் தாண்டிவிட்டது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மலையிலிருந்து இறங்கும்போது காது இன்னும் மோசமாக அடைக்கும். ஏறும்போது உள்காற்று பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும், இறங்கும்போது நாமாகக் குழாயைத் திறந்துவிட வேண்டும். பதவியைவிட்டு இறங்குபவருக்கும் அதுதான். நாளுக்கு நாற்பது முறை அடித்த தொலைபேசி மறுவாரமே ஓய்ந்துவிடும். பழைய நண்பரை நாற்காலியில் இருக்கும்போதே கூப்பிடத் தொடங்குவது நல்லது. அந்த 200 மணி நேரத்தை எப்போதோ கட்டி முடித்துவிட்ட ஆள் அவர். வாட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புவது கணக்கில் வராது. குரலில் பேசுவது எழுத்தைவிட நெருக்கம் தருகிறது என்றும், சங்கடமாக இருக்கும் என்று முன்கூட்டியே பயந்த அளவுக்குச் சங்கடமாக இல்லை என்றும் 2021-இல் அமெரிக்காவில் நடந்த சோதனைகள் காட்டின. ஆனால் நம் ஊரில் பெரிய பொறுப்பில் இருப்பவர் பத்து வருடம் கழித்து “சும்மாதான் கூப்பிட்டேன்” என்றால், எதிர்முனையில் இருப்பவர் ‘ஏதோ உதவி கேட்கப்போகிறான்’ என்று உஷாராகிவிடுவார். ஆகவே குறிப்பாக ஒன்றைச் சொல்லித் தொடங்குங்கள்: “குப்பனூர் பக்கம் போனேன்டா, நம்ம சைக்கிள் பஞ்சரான இடத்துல இப்ப பேக்கரி வந்திருக்கு.” முதல் மூன்று அழைப்புகளில் எந்த உதவியும் கேட்காதீர்கள்.