ரோபோ விடுகிற குத்து பிள்ளையின் காதில் விழுகிறது

இந்த மாதத்தில் சினிமா பார்த்துவிட்டு காதுப் பரிசோதனைக்கு என்னிடம் வந்த நான்காவது பிள்ளை இது. பதினொரு வயதுப் பையன். ஞாயிற்றுக்கிழமை ராட்சத ரோபோ படம், முன்னாலிருந்து மூன்றாவது வரிசை, பக்கச் சுவரை ஒட்டிய சீட். வெளியே வரும்போதே வலது காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம், அம்மா பேசுவது மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற மாதிரி. செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்தபோது இரைச்சல் நின்றிருந்தது. அப்பா உட்காரும்போதே சொன்னார்: "அதான் சரியாயிடுச்சே மேடம், இவங்கதான் பயந்துட்டாங்க."

அந்தச் 'சரியாயிடுச்சு' என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. செவித்திறன் பரிசோதிப்பது என் வேலை என்பதால் இந்தப் படங்களே வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு இவை பிடிக்கும். 1954-ல் ஜப்பானில் காட்ஜில்லா வந்தபோது ரப்பர் உடைக்குள் நடந்தது ஒரு மனிதர்தான். கேமராவை வேகமாக ஓட்டிப் படமெடுத்து, திரையில் மெதுவாகக் காட்டித்தான் அந்த உடம்புக்கு எடை கொடுத்தார்கள். மீதி எடையைக் கொடுத்தது சத்தம். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பேஸ் வாத்தியத்தின் கம்பியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் உரசவைத்து அந்த உறுமலைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் விஷயம் அதேதான். திரையில் தெரிவது கணினி வரைந்த உருவம். அதன் கால் தரையில் பதியும்போது நம் சீட் அதிர்ந்தால்தான் அது ஆயிரக்கணக்கான டன் என்று உடம்பு நம்புகிறது. சத்தத்தை எடுத்துவிட்டால் ரோபோவும் இல்லை, அரக்கனும் இல்லை.

பிள்ளைகள் ஏன் விழுந்து விழுந்து பார்க்கிறார்கள் என்பதும் புரிகிறது. 2013-ல் வந்த பசிபிக் ரிம் படத்தில் ரோபோவை ஓட்ட ஒரு ஆள் போதாது, இரண்டு பேர் மனதை இணைத்துக்கொண்டு சேர்ந்து கையை ஓங்க வேண்டும். அவர்கள் ஓங்கினால் வெளியே இரும்புக் கை ஓங்கும். வீட்டிலும் பள்ளியிலும் எல்லாரையும் அண்ணாந்து பார்த்தே பேச வேண்டியிருக்கிற ஒரு பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? என் பரிசோதனை அறைக்குள் வந்ததும் அவன் கண் விரிந்தது. கனத்த கதவு, வெளிச்சத்தம் புகாத சின்ன அறை, தலையில் ஹெட்ஃபோன், கையில் பொத்தான். "ரோபோக்குள்ள பைலட் உக்கார்ற இடம் மாதிரியே இருக்கு" என்றான். 'பீப்' கேட்கும்போதெல்லாம் முழுக் கையையும் ஆட்டிப் பொத்தானை அழுத்தினான். வலது காதில் 4000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சத்தத்துக்கு வந்ததும் கை அப்படியே நின்றது. மற்ற எல்லா இடத்திலும் 10 டெசிபல் என்ற மெல்லிய சத்தத்திலேயே கேட்டவனுக்கு அங்கே 30 டெசிபல் தேவைப்பட்டது.

அப்பா சொன்ன 'சரியாயிடுச்சு' இதுதான்.

உள்காதில் சத்தத்தை வாங்கி நரம்புக்கு அனுப்புகிற முடிச் செல்கள் ஏறக்குறைய 15,000 இருக்கின்றன, ஒரு காதுக்கு. பிறக்கும்போது இருப்பதுதான், மனிதருக்கு மறுபடி முளைக்காது. பெரிய சத்தத்தில் அவை காற்றடித்த நெற்பயிர் மாதிரி சாயும். சில மறுநாள் நிமிரும், சில நிமிராது. நிமிர்ந்தவை உழைப்பதால் பேச்சு கேட்கிறது, டிவி கேட்கிறது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. 2009-ல் எலிகளிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். 100 டெசிபல் சத்தத்தை 2 மணி நேரம் கேட்கவிட்டார்கள். கொஞ்ச நாளில் கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது, ஆனால் உள்ளே பார்த்தால் முடிச் செல்லையும் நரம்பையும் இணைக்கும் இணைப்புகளில் சில இடங்களில் பாதி போயிருந்தன. அதாவது இரைச்சல் நின்றது என்றால் இரைச்சல் நின்றது, அவ்வளவுதான். சேதம் இல்லை என்பதற்கு அது சான்று இல்லை. வலிக்கவில்லை, ரத்தம் வரவில்லை என்பதும் சான்று இல்லை. உள்காது சேதமாகும்போது பெரும்பாலும் வலிப்பதே இல்லை. தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவனுக்கு ஒரு படம் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் ஹெட்ஃபோன் போட்டு கேம் ஆடுகிறான், அதை அம்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். காது தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கூட்டுகிறது.

இன்னொரு விஷயத்தையும் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 'நெஞ்சே அதிருது' என்று அந்த 'தும் தும்' சத்தத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். அந்தக் கனத்த, தாழ்ந்த சத்தத்தைக் காது ஓரளவு தாங்கும். இரும்பும் இரும்பும் உரசுகிற கிறீச், அரக்கன் போடுகிற அலறல், கண்ணாடிக் கட்டடம் நொறுங்குவது, இவைதான் காது அதிகம் அடிபடுகிற 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் பகுதியில் வந்து விழுகின்றன. அதோடு குத்துக்கு முன்னால் ஒரு நொடி நிசப்தம் வைப்பார்கள், படத்துக்கு அது அழகு. ஆனால் நடுக்காதில் பெரிய சத்தத்துக்கு இறுகிக்கொள்கிற குட்டித் தசை, திடீரென்று விழுகிற அடிக்கு இறுகுவதற்குள் அடி உள்ளே போய்விடுகிறது.

தரப்படி அமைத்த தியேட்டரில் திரைக்குப் பின்னாலிருக்கும் ஒவ்வொரு முக்கிய ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போகலாம். படம் முழுக்க அப்படி இருக்காது, சண்டைக் காட்சிகளில் அடிக்கடி அந்தப் பக்கம் எட்டும். வேலையிடங்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம், 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். அதுவும் பெரியவர்களுக்கு.

சரி, என்ன செய்வது? முன்வரிசையும் சுவரோரமும் வேண்டாம், நடுவில் பின்பக்கமாக டிக்கெட் போடுங்கள். பஞ்சு வைக்காதீர்கள், அது சில டெசிபலைக்கூட ஒழுங்காகக் குறைக்காது, வைத்துவிட்டோம் என்ற தைரியத்தை மட்டும் தரும். பிள்ளைகளுக்குக் காதை முழுக்க மூடுகிற இயர்மஃப் வாங்குங்கள், ஒரு குடும்பம் தியேட்டரில் பாப்கார்னுக்குச் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் பெரிய செலவில்லை. பெரியவர்கள் ஃபோம் அடைப்பான் போட்டுக்கொள்ளலாம், விரலால் உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். சும்மா வாசலில் ஒட்டவைத்துவிட்டு 'இது வேலை செய்யல' என்று சொல்லாதீர்கள். படம் முடிந்த அன்று ஹெட்ஃபோன் வேண்டாம். இரைச்சல் வந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன், அந்தக் காதுகளைத் துடைத்துவிட்டுத்தான் நான் பரிசோதனையே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. இரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் வாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓடுங்கள், அதற்கான மருந்தை முதல் சில நாளிலேயே தொடங்க வேண்டும்.

கைக்குழந்தையோடு போகிறவர்களே, குழந்தை அழுதால் தூக்கத்துக்கு அழுகிறது என்று தட்டிக்கொடுக்காமல் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். சத்தம் தாங்கவில்லை என்று குழந்தைக்கு வேறு வழியில் சொல்லத் தெரியாது.

பையனை மூன்று வாரம் கழித்து மறுபடி பரிசோதனைக்கு வரச்சொல்லியிருக்கிறேன், அதுவரை ஹெட்ஃபோன் கிடையாது. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அடுத்த பார்ட் வந்தா போலாமா?" போகலாம் தம்பி, பின்வரிசையில், மஃப் போட்டுக்கொண்டு.