குழு வேலையில் ஒரே பிள்ளை எல்லாவற்றையும் செய்தால்?

“குழுவாக உட்கார வைத்தால், நன்றாகப் படிக்கும் பிள்ளையே எல்லாவற்றையும் எழுதி முடித்துவிடுகிறது. வாசிக்கத் திணறும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?” என்று ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்.

இதற்கு ஒரு நல்ல பதில் 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் பிறந்தது. இனவாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகளில் அப்போதுதான் வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அடிதடி மூண்டது. உதவிக்கு அழைக்கப்பட்ட சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன், தன் மாணவர்களோடு வகுப்புகளைக் கவனித்தார். ஆசிரியர் கேள்வி கேட்பார், சில கைகள் உயரும். ஒருவர் சரியாகச் சொன்னால் மற்றவர்களுக்கு ஏமாற்றம். பக்கத்துப் பிள்ளை தடுமாறினால்தான் தனக்கு வாய்ப்பு என்ற ஏற்பாட்டில் நட்பு எங்கிருந்து வரும்?

அவர்கள் அந்த ஏற்பாட்டையே மாற்றினார்கள். துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் ஜிக்சா விளையாட்டைப் போன்றது என்பதால் அதன் பெயர் ஜிக்சா முறை. 30 பேர் இருந்தால், எல்லா வகைப் பிள்ளைகளும் கலந்த ஆறு பேர் குழுக்கள் ஐந்து. பாடம் ஆறு துண்டு. குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கையில் கிடைக்கும். கடைசியில் முழுப் பாடத்திலும் தனித்தனியாகத் தேர்வு உண்டு. எனவே மற்ற ஐந்து பேர் வாய் திறந்தால்தான் எனக்கு முழுப் பாடமும் கிடைக்கும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது நடுவில் வரும் ஒரு படி. குழுவுக்குச் சொல்லித்தருவதற்கு முன்னால், ஒரே துண்டை வைத்திருக்கும் ஐந்து பேரும் தனியாகக் கூடுகிறார்கள். சேர்ந்து வாசிக்கிறார்கள், புரியாததைக் கேட்கிறார்கள், எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும் இங்கே தன் பகுதியைத் தேற்றிக்கொண்டு, சொல்ல விஷயத்தோடு தன் குழுவுக்குத் திரும்புகிறது. உங்கள் வகுப்பில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்குத் தேவைப்படுவது இந்தப் பத்து நிமிடம்தான்.

கார்லோஸ் என்று ஆரன்சன் குறிப்பிடும் சிறுவனுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. அவன் தன் பகுதியைச் சொல்லத் திணறியபோது குழுவினர் கேலி செய்தார்கள். கேலி செய்தால் அவனிடம் இருக்கும் பாடம் உங்களுக்குக் கிடைக்காது, தேர்வு நெருங்குகிறது என்று மட்டும் நினைவூட்டப்பட்டது. சில நாட்களில் அவர்கள் அவனிடம் பொருத்தமான கேள்விகள் கேட்டு விஷயத்தை வாங்கப் பழகிவிட்டார்கள். சில வாரங்களில், இந்த முறையில் படித்த சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண் மற்ற வகுப்புகளை விடக் கூடியது. வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் 2022-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வாளர்களின் ஐந்து சோதனைகளில் கற்றலில் குறிப்பிடத்தக்க ஆதாயம் தெரியவில்லை. நம் நெரிசலான வகுப்புகளில் இது எப்படி வேலை செய்யும் என்பதை நாமே முறையாகச் சோதித்தாக வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்காமல், ‘பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர்’ என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பயிற்சிகளுக்குச் செலவழிப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-லேயே உளவியலாளர்கள் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ராசி பார்த்துப் பிரிப்பதும் இதுவும் ஒன்றுதான்.

சரி, நாளைக்கே முயன்று பார்ப்பதானால் பாடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு துண்டும் தனியாகவே புரிய வேண்டும். ஒருவரின் வாழ்க்கை வரலாறு, ஐவகை நிலங்கள் போன்றவை நன்றாகப் பிரியும். முதல் படி தெரியாமல் இரண்டாம் படி புரியாத வகுத்தல் கணக்கை இப்படித் துண்டாக்க வேண்டாம்.