நற்போசணையாக்கம்: அந்த ‘நல்’ எங்கிருந்து வந்தது?

இலங்கையில் உயர்தரத்தில் உயிரியல் படித்த எவரும் ‘நற்போசணையாக்கம்’ என்ற சொல்லைக் கடந்துதான் வந்திருப்பார்கள். தோட்டத்துப் பசளையும் வீட்டுக் கழிவுநீரும் குளத்தில் சேர்கின்றன. நைதரசனும் பொசுபரசும் கூடுகின்றன. அல்கா என்ற பாசி பெருகி, செத்து, அழுக, ஒட்சிசன் குறைந்து மீன்கள் சாகின்றன. இப்படி வரைவிலக்கணம் எழுதிப் புள்ளியும் வாங்கியிருப்பார்கள். ஆனால் மீன் செத்து மிதக்கிற நிலைக்கு ‘நல்’ என்று தொடங்கும் பெயர் ஏன்?

ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் ‘யூட்ரோபிகேசன்’. அதன் வேர் கிரேக்கம். ‘யூ’ என்றால் நல்ல, ‘த்ரோபே’ என்றால் உணவு, ஊட்டம். அறிவியலுக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் கார்ல் ஆல்பர்ட் வெபர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர். 1907இல் அவர் சதுப்பு நிலங்களைச் சத்து நிறைந்தவை, நடுத்தரமானவை, சத்துக் குறைந்தவை என்று வகை பிரித்தபோது முதல் வகைக்கு இந்தப் பெயரை வைத்தார். 1919இல் சுவீடனைச் சேர்ந்த எய்னர் நவ்மான் அதே பெயர்களை ஏரிகளுக்கு எடுத்துக்கொண்டார். அப்போது அது பழிச்சொல் அல்ல. மண்ணைச் செம்மண், களிமண் என்பது போல நீருக்கு ஒரு வகைப்பெயர், அவ்வளவுதான்.

பிறகு காலம் மாறியது. இரசாயனப் பசளையும் பொசுபேற்றுக் கலந்த சலவைத்தூளும் நீரில் சேரச் சேர, ஏரிகள் சில ஆண்டுகளிலேயே பச்சைக்குழம்பாகின. 1973இல் கனடாவில் ஓர் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கமும் கார்பனும் நைதரசனும் இட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் பொசுபரசையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாக மாறியது. இவ்வளவுக்குப் பிறகும் பெயரிலிருந்த ‘நல்’ அப்படியே தங்கிவிட்டது. நம் பாடநூற் சொல் கிரேக்கத்தைப் பகுதி பகுதியாகப் பெயர்த்த சொல்: யூ – நல், த்ரோபே – போசணை. போசணை வடமொழி வழி வந்தது. பெயர்ப்பில் பிழையில்லை. மூலத்தில் இருந்த பழைய பொருள் நம் சொல்லிலும் சேர்ந்து வந்துவிட்டது.

எனக்குச் சரியாகப் படுவது ‘மிகையூட்டம்’. உண் என்பதிலிருந்து ஊட்டு, ஊட்டிலிருந்து ஊட்டம். யாரோ ஊட்டுகிறார்கள், நீர் தானாக உண்ணவில்லை என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. ‘மிகை’ என்பது அளவு தாண்டியதைச் சொல்லிவிடுகிறது. மனித உடலின் மிகைப்போசணையோடு குழம்பும் என்று தோன்றுகிற இடத்தில் ‘நீர் மிகையூட்டம்’ என்று எழுதலாம். சத்துக் குறைந்த நீருக்குக் குறையூட்ட நீர், நடுவில் நிற்பதற்கு இடையூட்ட நீர் என்று வரிசையும் எளிதாக அமைந்துவிடும்.

‘மிகையூட்டம்’ வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாடநூல் விளக்கம் முழுவதும் அல்காவைப் பற்றியது. அது தேங்கிய, வெயில் படும் நீரின் கதை. மரநிழலில் ஓடும் சிற்றோடையில் வெளிச்சம் குறைவு, அல்காவும் குறைவு. அங்கே உயிர்களுக்குச் சாப்பாடு கரையிலிருந்து விழும் இலைதான். மிகையூட்டம் அங்கே இலையின் உக்கலில் தெரியும்.

உக்கல் நம் ஊர்ச்சொல். தமிழ்நாட்டில் மக்கும் குப்பை என்பதை நாங்கள் உக்கும் குப்பை என்போம். பாடநூல் இதைப் ‘பிரிந்தழிதல்’ என்கிறது. இலை உதிர்வதைக் குறிக்கும் ‘உகு’ என்ற பழைய வினையும் இதற்குப் பக்கத்தில் ஒலிக்கிறது.

ஒரு பூவரசம் இலை நீரில் விழுந்தால் என்ன நடக்கும்? முதல் ஓரிரு நாளில் அதிலுள்ள கரையக்கூடியவை வெளியேறும். ஒரு வாளி நீரில் போட்டுப் பார்த்தால் நீர் தேயிலைச் சாயம் போல நிறம் மாறுவது தெரியும். அப்புறம் இலை வழவழக்கத் தொடங்கும். அது பங்கசும் (பூஞ்சையும்) பற்றீரியாவும் குடியேறியதன் அடையாளம். ஓடைகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது நீர்வாழ் பங்கசுகள். நான்கு கைகள் விரித்தாற்போன்ற வித்திகள் கொண்டவை அவற்றில் பல. இங்கிலாந்தில் பணியாற்றிய இங்கோல்ட் என்ற ஆய்வாளர் 1942இல் இவற்றை விரிவாக எழுதினார். பங்கசு மென்மையாக்கிய பிறகுதான் பூச்சிப் புழுக்களும் இறால்களும் நத்தைகளும் இலையைக் கடித்துத் துண்டாக்கும். கடைசியில் மிஞ்சுவது காம்பிலிருந்து விரியும் நரம்பு வலை மட்டும்.

இலையில் கார்பன் தாராளம். நைதரசனும் பொசுபரசும் பற்றாது. அந்தப் பற்றாக்குறையைப் பங்கசு நீரிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறது. ஆகவே நீரில் இவை கூடினால் பங்கசு செழிக்கும், இலை சீக்கிரம் மெத்தென்றாகும், தின்னும் உயிர்களும் விரைந்து தின்னும். உக்கல் வேகமாகும். இயல்பாகவே மெதுவாக உக்கும் கடின இலைகளில் இந்த வேகம் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

வேகமாக உக்கினால் நல்லதுதானே என்று தோன்றும். அமெரிக்காவின் வட கரோலைனாவில், கோவீட்டா என்ற இடத்தின் காட்டு ஓடைகளில் பல ஆண்டுகள் நைதரசனும் பொசுபரசும் சேர்த்துப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. கரையிலிருந்து வந்த கார்பன் ஓடையில் தங்கும் காலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அடுத்த அறுப்பு வரை வரவேண்டிய நெல்லைச் சித்திரைக்குள்ளேயே முடித்துவிட்ட கொம்பறையின், அதாவது நெற்களஞ்சியத்தின், நிலைதான் அந்த ஓடைக்கு. ஆண்டின் மீதிக்காலத்துக்கு அங்குள்ள உயிர்களுக்கு உணவு குறைந்துவிடும். இலையிலிருந்த கார்பனில் ஒரு பகுதி காபனீரொட்சைட்டாகக் காற்றில் போய்விடுகிறது.

இன்னும் மிகையானால் போக்கே தலைகீழாகிறது. ஐரோப்பாவில் 100 ஓடைகளில் இலைகளை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்ட ஆய்வு 2012இல் வெளியானது. சத்துக் குறைந்த ஓடைகளில் உக்கல் மெதுவு. நடுத்தர அளவில் வேகம். மிக அதிகமாக மாசடைந்த ஓடைகளில் மறுபடி மெதுவு. இலையைக் கடித்துத் தின்னும் உயிர்கள் ஒட்சிசன் குறைவு, அமோனியா போன்றவற்றைத் தாங்காமல் அற்றுப்போய்விட, இலை அப்படியே கிடக்கிறது. தூய ஓடையும் கெட்ட ஓடையும் ஒரே வேகத்தில் உக்குவதால், வேகத்தை மட்டும் பார்த்து நீரின் நலத்தைச் சொல்லிவிட முடியாது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

யாழ்ப்பாணத்துக்கும் ஓடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கில்லை. அளவெட்டிப் பக்கம் தொடங்கி, கந்தரோடை வழியாக அராலியில் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுகிறது. ஆனால் மிகையூட்டம் நமக்கு அந்நியமில்லை. செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு என்று இடைவெளியின்றிப் பயிர், அதற்கு யூரியா. பொசுபரசை மண்ணும் சுண்ணாம்பும் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். நைத்திரேற்று கரைந்து, வெடிப்பு நிறைந்த சுண்ணக்கல்லினூடாக நேரே கிணற்றுக்கு இறங்கிவிடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. குடாநாட்டில் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை நீர்ச்சோதனைகள் நெடுங்காலமாகவே காட்டிவருகின்றன. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிற தண்ணீர் அது. அதைக் குறிக்கும் சொல்லில் ‘நல்’ இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இலை உக்கலைப் பற்றி நம்முடைய கமக்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பூவரசங்குழையையும் சீமைக்கிளுவைக் குழையையும் தோட்டத்தில் தாழ்த்துகிறவர்களுக்கு, சீமைக்கிளுவை சீக்கிரம் உக்கும், பனையோலை நாட்படும் என்பது கைப்பழக்கம். சீமைக்கிளுவையில் நைதரசன் அதிகம். பனையோலையில் நார் அதிகம். மண்ணில் நடக்கும் இதே கணக்குத்தான் நீரிலும்.

மாணவர்கள் பரீட்சைத் தாளில் பாடநூற் சொல்லையே எழுதுங்கள், புள்ளி அதற்குத்தான். கட்டுரையிலும் செய்தியிலும் ‘மிகையூட்டம்’ என்று எழுதத் தொடங்கலாம்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். உதிர்ந்த பூவரசம் இலைகளை நிழலில் உலர்த்தி நிறுத்து, பாதியைப் பெரிய கண் வலைப்பையிலும் பாதியைப் பூச்சி நுழையாத சிறு கண் வலைப்பையிலும் போடுங்கள். மாரியில் வழுக்கையாறு ஓடும்போது இரண்டையும் ஒரே இடத்தில் கட்டிவிடுங்கள். சில வாரம் கழித்து எடுத்து, சேறு கழுவி, உலர்த்தி மறுபடி நிறுங்கள். சிறு கண் பையில் குறைந்த எடைக்குப் பெரும்பாலும் பங்கசும் பற்றீரியாவும் காரணம். பெரிய கண் பையில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் அதில் பெரும்பங்கு பூச்சி, நத்தைகளின் வேலை. இரண்டு பையும் ஒரே அளவு குறைந்திருந்தால், அந்த இடத்தில் இலை தின்னும் உயிர்கள் ஏன் இல்லை என்று தேடத் தொடங்கலாம்.