பேர் கேட்டால் கோபிக்காதீர்கள், பாட்டி

பெண்கள் வார்டு, காலை எட்டு மணி மருந்து வேளை. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி டிராலியைத் தள்ளிக்கொண்டு முன்னே போகிறாள். நான் இரண்டடி பின்னால். எட்டாம் கட்டிலில் ஒரு பாட்டி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மாணவி குனிந்து கனிவாகக் கேட்கிறாள்.

"பாட்டி, நீங்கதானே லெட்சுமி?"

"ஆமா மிஸ்ஸி."

மாத்திரைக் கிண்ணம் பாட்டியின் கைக்குப் போகும் நேரத்தில் நான் குறுக்கே கை வைத்தேன். பாட்டியின் பெயர் லெட்சுமிதான், அதில் பொய்யில்லை. ஆனால் டிராலி மேல் விரிந்திருந்த மருந்து அட்டை வேறொரு லெட்சுமியுடையது. அந்த லெட்சுமி எதிர்வரிசையில், பதினான்காம் கட்டிலில், கோப்பியில் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் இருந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்று இரத்த அழுத்தத்தைக் குறைப்பது. எட்டாம் கட்டில் பாட்டிக்கோ அன்று காலை அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்து கிடந்தது.

பினாங்கில் தாதியர் மாணவர்களுக்கு வார்டில் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதற்கு முன் பல வருஷம் வார்டிலேயே கிடந்தவள். யாரையும் அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணை ஓரமாக அழைத்துப்போய், மருந்து கொடுக்கும்போது பார்க்க வேண்டிய ஐந்து 'சரி'களைச் சொல்லச் சொன்னேன். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஒரே மூச்சில் ஒப்பித்தாள். முதலாம் ஆண்டிலேயே இது மனப்பாடம் ஆகிவிடும். இப்போது இந்த ஐந்து ஏழாகி, சில பாடப்புத்தகங்களில் பத்தாகவும் வளர்ந்துவிட்டது. எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஐந்தையே வாய் சொல்ல, கண் வேறெங்கோ இருக்கிறது. பத்தானால் வாய்க்குத்தான் கூடுதல் வேலை.

"நான் பேர் கேட்டேனே மேடம்," என்றாள்.

கேட்டாள். ஆனால் பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டாள். 'நீங்கதானே' என்று ஆரம்பித்தால் பாட்டிக்கு மிச்சம் இருப்பது தலையாட்டுவது மட்டும்தான். காது கொஞ்சம் மந்தம், எதிரே சீருடை, முகத்தில் சிரிப்பு. ஆமா என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்? மலாயில் கேட்டால் இன்னும் மோசம். நம் பாட்டிமார் பலர் மலாய்க்கார மிஸ்ஸி எதைக் கேட்டாலும் "யா, யா" என்பார்கள். இங்கிலாந்து மகாராணி நீங்கள்தானா என்று கேட்டாலும் அதே "யா"தான்.

நம் ஊர் வார்டுகளில் இதற்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. லெட்சுமி, மாரியாயி, முனியாண்டி, சுப்ரமணியம் என்று ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் படுத்திருப்பது அபூர்வம் இல்லை. பிறப்புப் பதிவில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் லெட்சுமி, லெச்சுமி, லட்சுமி எல்லாம் அடையாள அட்டையில் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் வரும். முதல் பெயரை மட்டும் கூப்பிட்டால் போதாது. அடையாள அட்டையில் 'அனாக் பெரெம்புவான்' (மலாயில் 'மகள்') என்பதற்குப் பின்னால் வரும் அப்பா பெயர் வரைக்கும் போக வேண்டும், அடையாள அட்டை எண்ணையும் பார்க்க வேண்டும். கேட்க வேண்டிய முறை இது: "உங்க முழுப் பேர் சொல்லுங்க பாட்டி. அப்பா பேரு?" பதில் அவர் வாயிலிருந்து வர வேண்டும். வந்த பதிலைக் கைப்பட்டையோடும் மருந்து அட்டையோடும் பொருத்திப் பார்க்க வேண்டும். பேச முடியாதவர் என்றால் கைப்பட்டைதான் கதி.

மாணவர்கள் செய்யும் சின்னப் பிழைகளை இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். சரிபார்க்காமல் விடுகிற மாணவர்கள் குறைவு. பெரும்பாலோர் சரிபார்க்கிறார்கள், ஆனால் விடையை முதலில் முடிவுசெய்துகொண்டு பார்க்கிறார்கள்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியில் ஏற்றியதும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாணவி ஊசியை நீட்டி, "பன்னிரண்டு யூனிட், சரியா அக்கா?" என்பாள். ஸ்டாஃப் நர்ஸ் அக்காவுக்கு ஆயிரம் வேலை. பன்னிரண்டு என்று காதில் விழுந்துவிட்டது, இனி அவர் கண்ணுக்கும் பன்னிரண்டுதான் தெரியும். வழக்கமான இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். ஊசியில் ஒரு கோடு ஒரு யூனிட்டா, இரண்டு யூனிட்டா என்பது ஊசியின் அளவைப் பொறுத்தது. கோட்டை எண்ணும்போது தவறினால் பன்னிரண்டு என்று நினைத்தது இருபத்துநான்காகிவிடும். அதனால் என் மாணவர்களை எண்ணைச் சொல்ல விடுவதில்லை. ஊசியையும் அட்டையையும் நீட்டி, "எவ்வளவு இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க அக்கா" என்று மட்டும் கேட்க வேண்டும். முதலில் சில ஸ்டாஃப் நர்ஸுகளுக்கு இது பிடிக்கவில்லை, எனக்கே பரீட்சை வைக்கிறாளா என்று. பிறகு பழகிவிட்டது.

எனக்கும் ஒரு இன்சுலின் கதை இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் பயிற்சித் தாதியாக இருந்தபோது நடந்தது, எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். இனிப்பு நீர் உள்ள ஐயா ஒருவருக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன் போடுகிற, சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின். முழுப் பெயரைக் கேட்டேன். மருந்து, அளவு, நேரம் எல்லாம் சரி. இரண்டு கையெழுத்தும் ஆயிற்று. போட்டேன். கொஞ்ச நேரத்தில் சக்கர நாற்காலியோடு ஊழியர் வந்து அவரை வயிற்று ஸ்கேனுக்கு அழைத்துப்போய்விட்டார். ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று முந்தைய இரவே டாக்டர் எழுதியிருந்தார். அது நோயாளியின் கோப்பில் இருந்தது, இன்சுலின் அட்டையில் இல்லை. ஸ்கேன் வரிசையில் ஐயாவுக்குச் சட்டை நனைய வியர்த்து, பேச்சுக் குழறியது. சர்க்கரை, லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், 2.9. நான்குக்குக் கீழே போனாலே நாங்கள் ஓடுவோம். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்து, "பசிக்குது மிஸ்ஸி" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஐந்து சரிகளும் சரியாகவே இருந்தன, அதுதான் வேடிக்கை. நான் இன்சுலினைத் தேடினேன், அதற்குரிய தாளை மட்டும் பார்த்தேன். இந்த மனிதர் இன்றைக்குச் சாப்பிடப் போகிறவரா என்று எனக்குள் ஒரு கேள்வி வரவில்லை. இப்போது என் மாணவர்கள் இன்சுலின் ஊசியைத் தொடுவதற்கு முன் சாப்பாட்டுத் தட்டு எங்கே என்று கேட்க வேண்டும். தட்டு வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டும்.

அன்றைக்கு வார்டு சிஸ்டர் என்னைத் திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டு நின்றேன். அவர் நாற்காலியைக் காட்டி, "உட்காரு. நீ என்னென்ன பார்த்தே, வரிசையா சொல்லு" என்றார். ஏன் இப்படிச் செய்தாய் என்று அவர் கேட்டிருந்தால் நான் சாக்குத்தான் சொல்லியிருப்பேன். என்ன பார்த்தாய் என்றதால், பார்க்காதது எது என்பது எனக்கே தெரிந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அந்த வார்டில் வெறும் வயிற்றுக் குறிப்பை இன்சுலின் அட்டையிலும் எழுத ஆரம்பித்தார்கள்.

எல்லா சிஸ்டரும் அப்படி இருப்பதில்லை. வார்டு நடுவில், நோயாளிகள் முன்னால், "படிச்சுத்தான் வந்தியா" என்று கத்துகிறவர்களும் உண்டு. கத்தினால் மாணவி திருந்துவாள் என்று நம்புகிறார்கள். அவள் கற்றுக்கொள்வது ஒளிப்பதற்குத்தான். ஒரு உதாரணம் சொல்கிறேன். நேரம் மிச்சம் பிடிக்க ஒரு மாணவி எல்லா அட்டையிலும் முதலிலேயே 'கொடுத்தாயிற்று' என்று கையெழுத்துப் போட்டாள். ஒரு நோயாளி கழிவறையில் இருந்தார். மாத்திரையை அவர் மேசையில் வைத்தாள், அது நாளிதழுக்கு அடியில் போய்விட்டது. மறுநாள்தான் அவளுக்கே ஞாபகம் வந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. மருந்து கொடுத்தும் அழுத்தம் இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டப் பேனாவை எடுத்தபோதுதான் அழுதுகொண்டே சொன்னாள். விழுங்காத ஒரு மாத்திரையைவிட அந்தப் பொய்க் கையெழுத்து எத்தனை தூரம் போகப் பார்த்தது, பாருங்கள்.

மலேசிய சுகாதார அமைச்சு 2009இல் மருந்துப் பிழைகளைத் தெரிவிக்கும் முறையைத் தொடங்கியது. நோயாளியைத் தொடும் முன் பிடிபட்ட பிழைகளையும் அதில் பதியலாம். யாரைத் தண்டிப்பது என்று தேடுவதற்காக வந்த முறை இல்லை அது. ஆனாலும் அறிக்கை எழுதுகிறேன் என்று சொன்னால் மாணவர் முகம் இன்றும் வெளுத்துவிடுகிறது. எட்டாம் கட்டில் பாட்டி விஷயத்தை அந்தப் பெண்ணையே எழுத வைத்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரே பெயர் கொண்ட இரண்டு பேரை ஒரே வார்டில் வைத்தால் அட்டையில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்ற வரியை அவளாகவே சேர்த்தாள்.

குழந்தைகள் வார்டில் சிக்கல் வேறு மாதிரி. பாராசிட்டமால் சிரப் நம் ஊரில் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. ஒன்றில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம், இன்னொன்றில் 250. பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 180 மில்லிகிராம் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் போத்தலில் அது ஏழரை மில்லிலிட்டர், இரண்டாவதில் 3.6 தான். மூன்று நாளாக ஏழரை கொடுத்துக் கை பழகிவிட்டது. நான்காம் நாள் மருந்தகத்திலிருந்து மற்ற போத்தல் வருகிறது. நிறமும் வாசமும் ஏறக்குறைய அதேதான். ஏழரை ஊற்றினால் 375 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு மாணவர் ஊற்றியே விட்டார், கொடுக்கும் முன் லேபிளை வாசிக்கச் சொன்னதால் பிடிபட்டது. இது வீட்டிலும் நடக்கிற தப்பு. காய்ச்சலோடு வரும் பிள்ளையின் அம்மாவிடம் எவ்வளவு மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டால், "அஞ்சு எம்எல்" என்பார். எந்தப் போத்தல் என்று அடுத்துக் கேட்டால் பதில் இருக்காது. வரும்போது போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

நோயாளிகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால் தயங்காமல் கேளுங்கள். ஒரு ஐயா, "நேத்து வெள்ளையா இருந்துச்சே" என்றார். "கம்பெனி மாறியிருக்கும் அங்கிள்" என்றான் மாணவன். பல நேரம் அது உண்மைதான், ஒரே மருந்து வேறு நிறுவனத்திலிருந்து வேறு நிறத்தில் வரும். அன்றைக்கு அது உண்மையில்லை. பக்கத்து இழுப்பறை மாத்திரை. ஐயா வாய் திறந்ததால் தப்பித்தோம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும், வீட்டில் சாப்பிடும் நாட்டு மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்ட மாட்டோம். திட்டினால் என்னிடம் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன உதவியும் வேண்டும். 'தொந்தரவு செய்யாதீர்' என்று எழுதிய மேலங்கியைப் போட்டுக்கொண்டு தாதி டிராலியோடு நின்றால், அந்தப் பத்து நிமிஷம் போர்வை, மின்விசிறி, கார் நிறுத்துமிடம் எதையும் கேட்காதீர்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பதில் சொல்லிவிட்டு வந்தால், விட்ட இடம் எது என்பதை நாங்கள் பெரும்பாலும் ஊகித்துத்தான் தொடர்கிறோம்.

எட்டாம் கட்டில் பாட்டி அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தார். அந்த மாணவி வேளைக்கு வேளை போய், "முழுப் பேர் சொல்லுங்க பாட்டி, அப்பா பேரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் பாட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நல்ல பொண்ணும்மா. ஆனா ஞாபகமே இல்ல. எங்கப்பா பேரை எத்தனை தடவை சொல்லிட்டேன், பாவம், மறுபடி மறுபடி கேக்குது."