முன்னறிவா, முன்தெரிந்தவையா?

"முன்னறிவைச் செயல்படுத்துக" என்று பாடக்குறிப்பின் முதல் வரியிலேயே ஆசிரியர்கள் எழுதிவிடுகிறார்கள், புது சிம் கார்டுக்குச் சொல்வதுபோல. ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் வழிதான் இது: பத்தியைப் படிக்குமுன், அதைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததை நினைவுக்குக் கொண்டுவருவது. பெயர் கோணலானதால் வேலையும் கோணலாகிறது.

மூலச்சொல் பிரையர் நாலெட்ஜ். பிரையர் லத்தீன், 'முந்தைய' என்று பொருள். பத்தியைத் தொடுமுன் படிப்பவர் மனத்தில் ஏற்கெனவே கிடக்கும் செய்தி, பழக்கம், எண்ணம் எல்லாம் இதில் அடக்கம்.

இனி 'முன்னறிவு'. இன்றைய தமிழில் முன்னறிதல் என்றால் வரப்போவதை அறிதல். சென்னைக் காசிமேட்டு மீனவர்களிடம் 'முன்னறிவிப்பு' என்று சொல்லிப் பாருங்கள், நாளைய காற்றைப் பற்றித்தான் கேட்பார்கள். 'அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்' என்று கொன்றைவேந்தனைக் காட்டி வாதாடுவோர் உண்டு. அங்கே முதலில் அறிவது என்ற பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஔவையார் சொல்லை வானிலைக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய கோளாறு 'அறிவு'. மெய்ப்பொருள் காண்பது அறிவு என்கிறது குறள். மாணவர் கொண்டுவருவதிலோ சரியும் தப்பும் கலந்திருக்கும். 'கரண்ட் போச்சு' என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கரண்ட் என்றால் மொத்த மின்சாரமும் அதுதான். பாடநூலிலோ கரண்ட் என்பது மின்னோட்டம் மட்டும். 'திறந்த சுற்றில் வோல்டேஜ் உண்டு, கரண்ட் சுழி (பூஜ்ஜியம்)' என்று பாடத்தில் வந்தால், கரண்ட் இல்லை, கம்பியைத் தொடலாம் என்று எடுத்துக்கொள்வார். இதற்கு அறிவு என்று பெயர் வைத்துச் செயல்படுத்தினால் ஷாக் அடிக்காமல் என்ன செய்யும்?

'பின்புல அறிவு' என்பாரும் உண்டு. அது நாடக மேடையின் திரைச்சீலையை நினைவூட்டுகிறது. 'பட்டறிவு' அருமையான சொல், ஆனால் படித்துத் தெரிந்துகொண்டது அதில் அடங்காது. ஆங்கிலத்தை வார்த்தைக்கு வார்த்தை பெயர்ப்பவர்கள், அந்தச் சொல் வகுப்பில் என்ன வேலை செய்யப்போகிறது என்று பார்ப்பதே இல்லை.

'தப்பா தெரிஞ்சு வச்சிருக்கான்' என்று பேச்சில் சொல்கிறோம். தப்பையும் தாங்கும் வினை அது. ஆகவே முன்தெரிந்தவை. பன்மையாகவே இருக்கட்டும், குவியல்தானே. செயல்படுத்த வேண்டாம், கிளறினால் போதும்.

எப்படிக் கிளறுவது? டீசல் எஞ்சினில் ஏர் லாக், அதாவது டீசல் வரும் வழியில் காற்று அடைத்துக்கொள்வது, பற்றிய பத்தி என்று வையுங்கள். தலைப்பை முதலில் சொல்லுங்கள். உளவியலாளர்கள் பிரான்ஸ்போர்டும் ஜான்சனும் 1972இல் துணி துவைப்பது பற்றிய, ஆனால் எதைப் பற்றியது என்றே பிடிபடாத ஒரு பத்தியைக் கொடுத்துச் சோதித்தார்கள். முன்பே தலைப்பைக் கேட்டவர்களுக்குப் புரிந்தது, படித்த பிறகு சொன்னது உதவவில்லை. அடுத்து, விசைப்படகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். 'ஏர் எடுப்பாங்க' என்று ஒருவராவது சொல்வார். ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குவதைப் பலகையில் எழுதுங்கள். காற்று அமுங்கும், டீசல் அவ்வளவாக அமுங்காது, அதனால்தான் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அழுத்தம் ஏறவில்லை என்பது ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், பத்தியில் அவர்களே தேடட்டும்.

கடைசியாக 'ப்ளீடிங்' என்றால் என்ன என்று கேளுங்கள். 'ரத்தம் வடியறது' என்று பதில் வந்தால், இங்கே அது அந்த 'ஏர் எடுப்பது'தான் என்று திருத்திவிட்டு, அப்புறம் நூலைத் திறக்கச் சொல்லுங்கள்.