வழங்கல் மாற்றம்: லினக்ஸ் ‘மைக்ரேஷ’னுக்குத் தமிழ்ச் சொல்

“சென்ட்ஓஎஸ் சர்வரை அல்மாவுக்கு மைக்ரேட் பண்ணியாச்சு.” கோலாலம்பூரில் கணினி வேலையில் இருக்கும் தமிழர்களிடையே இந்தப் பேச்சு சாதாரணம். சென்ட்ஓஎஸ், அல்மா இரண்டும் லினக்ஸ் இயங்குதளத்தின் வெவ்வேறு தொகுப்புகள்; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு சர்வரை மாற்றியதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘இடம்பெயர்த்தோம்’, ‘குடிபெயர்த்தோம்’ என்று வந்துவிடுகிறது. ‘புலம்பெயர்வு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு இவற்றில் ஒன்றும் ஒட்டவில்லை.

மைக்ரேஷன், ‘மிக்ராரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். ஓரிடத்தை விட்டு வேறோர் இடத்துக்குப் போவது என்று பொருள். தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் வந்து பினாங்கில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் என்னென்ன அடங்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. லினக்ஸில் மறுபடி நிறுவாமல் மாறும்போது எதுவும் மூட்டை கட்டுவதில்லை. வன்வட்டின் பிரிவுகள், பயனர் கணக்குகள், கடவுச்சொற்கள், தரவுத்தளம், ஹோம் அடைவில் கிடக்கும் கோப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பொதிகள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்கள், எந்த இணையக் களஞ்சியத்திலிருந்து வருகின்றன என்பதுதான் மாறுகிறது. அதே வீட்டில் இருந்துகொண்டு மளிகைக் கடையை மாற்றிக்கொள்கிற மாதிரி.

ஆகவே எது மாறுகிறதோ அதன் பெயரையே வைத்து ‘வழங்கல் மாற்றம்’ என்பேன். இப்படிப்பட்ட லினக்ஸ் தொகுப்பை ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிபியூஷன், சுருக்கமாக டிஸ்ட்ரோ, என்பார்கள். அதற்கு ‘வழங்கல்’ என்ற சொல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதுகிறவர்களிடம் ஏற்கெனவே புழங்குகிறது. டிஸ்ட்ரிபியூஷனின் லத்தீன் வேர் பங்கிட்டுக் கொடுப்பது என்ற பொருள் தருவது. மலாயில் ‘எடாரன்’ என்கிறார்கள். கார் விற்கும் நிறுவனப் பெயர்களிலும் பார்த்திருப்பீர்கள். ‘விநியோகம்’ என்றாலும் தவறில்லை, ஆனால் அரிசி, சீனி நினைவுதான் வருகிறது. வழங்கு என்ற வினைக்குக் கொடுப்பது, புழக்கத்தில் இருப்பது என்று இரண்டு பொருளும் உண்டு. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகளுக்கு இரண்டும் பொருந்தும். ஒரே ஒரு தொல்லை: சர்வருக்கும் ‘வழங்கி’ என்று பெயர் வைத்துவிட்டோம். ‘வழங்கியில் வழங்கலை மாற்றினோம்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நான் சர்வரை சர்வர் என்றே விட்டுவிடுகிறேன்.

இந்தச் செயலுக்குத் திடீரென்று தேவை வந்தது 2020 டிசம்பரில். 2029 வரை பராமரிக்கப்படும் என்று நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31 அன்றே முடியும் என்று அறிவிப்பு வந்தது. அந்த இடத்தை நிரப்ப 2021 மார்ச்சில் அல்மாவும் ஜூனில் ராக்கியும் வெளியாயின. இரண்டும் அப்போது, சென்ட்ஓஎஸ்ஸைப் போலவே, ரெட் ஹேட் நிறுவனத்து லினக்ஸின் மூல நிரலிலிருந்தே கட்டப்பட்டவை என்பதால் சென்ட்ஓஎஸ்ஸுக்கு உடன்பிறப்புகள். அல்மாவுக்கு மாறுவதற்கென்றே எழுதப்பட்ட ஒரு நிரல் இருக்கிறது. அது சென்ட்ஓஎஸ்ஸின் அடையாளப் பொதியை நீக்கி, அல்மாவின் அடையாளப் பொதியை வைத்து, அப்புறம் பொதிகளை நிறுவும் கருவியான டிஎன்எஃப்பின் ‘டிஎன்எஃப் டிஸ்ட்ரோ-சிங்க்’ என்ற கட்டளையை ஓட்டும். ‘சிங்க்’ (ஒத்திசைப்பது) என்பதைக் கவனியுங்கள். களஞ்சியத்தில் என்ன பதிப்பு இருக்கிறதோ அதற்கு எல்லாப் பொதியையும் கொண்டுவந்து நிறுத்தும். அதற்காகப் பதிப்பை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். பதிப்பு எண் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தால் தொடாது. அதனால் வேலை முடிந்து, மறுபடி இயக்கி, ‘ஓஎஸ்-ரிலீஸ்’ கோப்பில் அல்மா என்று பெயர் வந்த பிறகும், ஏதாவது ஒரு பழைய பொதியின் விவரத்தைக் கேட்டால் தயாரிப்பாளர் வரியில் சென்ட்ஓஎஸ் என்றே காட்டலாம். பயப்பட வேண்டாம், அடுத்த புதுப்பிப்பில் போய்விடும்.

டெபியனும் அதிலிருந்து கிளைத்த உபுண்டு, டெவுவான் போன்றவையும் சேர்ந்த குடும்பத்தில் கதை வேறு. டெபியனிலிருந்து டெவுவானுக்குப் போகலாம். டெவுவான் பெரும்பாலான பொதிகளை டெபியனிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறது, கணினி தொடங்கும்போது மற்ற சேவைகளை இயக்கிவிடும் தொடக்க நிரலான சிஸ்டம்டியை மட்டும் வேண்டாம் என்கிறது. களஞ்சியப் பட்டியலை மாற்றி, பொதிகளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் டெவுவானின் சாவிப் பொதியை நிறுவி, தொடக்க நிரலை மாற்றி, மேம்படுத்தினால் சரி. ஆனால் உபுண்டுவிலிருந்து டெபியனுக்கு இப்படிப் போக நினைப்பது வம்பு. உபுண்டு தான் திருத்திய பொதியின் எண்ணுக்குப் பின்னால் ‘உபுண்டு1’ என்று ஒட்டும். அந்த வால் இருப்பதாலேயே அது டெபியனின் அதே பொதியைவிடப் புதியது என்று, இந்தக் குடும்பத்தின் பொதி நிறுவும் கருவியான ‘ஆப்ட்’ கணக்கிடும்; டெபியன் பொதியைப் பழையது என்று ஒதுக்கிவிடும். இறக்கும்படி வற்புறுத்தலாம், ஆனால் பதிப்பை இறக்குவதற்கு அங்கே ஆதரவு கிடையாது. பாதி இது, பாதி அது என்று நிற்கும் கணினியை டெபியன்காரர்கள், ஃபிராங்கன்ஸ்டைன் கதையில் வரும் ஒட்டுப்போட்ட உருவத்தை நினைத்து, ஃபிராங்கன்டெபியன் என்று கேலி செய்வார்கள். உறவு மட்டும் போதாது; எண்களும் ஒத்துவர வேண்டும்.

பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கிறது: டிஸ்ட்ரோ ஹாப்பிங், அதாவது ஒரு வழங்கலிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பது. இதற்கு ‘வழங்கல் தாவல்’ நன்றாகவே பொருந்தும். 2022 அக்டோபர் 5 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் நடப்பில் உள்ள மலேசியாவில் அந்தச் சொல்லுக்கு விளக்கவுரை தேவையில்லை. ஆனால் தாவுகிறவர் ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் வட்டை அழித்துப் புதிதாக நிறுவுகிறார், அதுவும் ஆசைக்காக. சென்ட்ஓஎஸ்ஸை விட்டவர்கள் வேறு வழியில்லாமல் மாறியவர்கள். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டாம்.

அதேபோல, உபுண்டுவில் கேடிஇ என்ற மேசைத்தளத்தை நிறுவி, கேடிஇயோடு வரும் உபுண்டுவான ‘குபுண்டுவுக்கு மாறிவிட்டேன்’ என்பதையும் வழங்கல் மாற்றம் என்று எழுதத் தேவையில்லை. களஞ்சியம் இரண்டுக்கும் ஒன்றுதான். மாறியது திரையின் முகம். ‘மேசைத்தள மாற்றம்’ என்று எழுதினால் போதும்.