ராகிக் கொல்லையில் கேட்காத பேச்சு

கார்த்திகை கடைசி. தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் மாமாவின் ராகிக் கொல்லைக்குக் காவலுக்குப் போயிருந்தேன். கதிர் முற்றி, அறுப்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பதினொன்றரை மணிவாக்கில் பரணில் என் தோளைத் தட்டினார் மாமா. "வந்துட்டானுங்க மாப்ள." எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. டார்ச் அடித்தால், அறுபதடி தூரத்தில் மூன்று கொம்பன் யானைகள். தாளைச் சுருட்டி வேரோடு பிடுங்கி, முன்னங்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தன. அவ்வளவு சுத்தம்.

திடீரென மூன்றும் ஒன்றாகத் தின்பதை நிறுத்தின. காதுகள் விரிந்தன. ஒன்றின் வாயில் பாதிக் கதிர் அப்படியே தொங்கியது. அரை நிமிடம் இருக்கும். பிறகு மூன்றும் ஏரிப் பக்கம் திரும்பி நடந்தன. நாங்கள் கத்தவும் இல்லை, வெடி போடவும் இல்லை. "எவனோ கூப்பிட்டிருக்கான்" என்றார் மாமா.

ஊகம்தான். ஆனால் நல்ல ஊகம்.

யானை என்றால் நமக்குப் பிளிறல்தான் நினைவுக்கு வரும். அது பதற்றத்திலும் கோபத்திலும் போடுகிற சத்தம். அன்றாடப் பேச்சு உறுமலில் நடக்கிறது. அதில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாது. இதை முதலில் பிடித்தவர் திமிங்கலங்களின் பாட்டை ஆராய்ந்துகொண்டிருந்த கேட்டி பெய்ன். 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து மிருகக்காட்சி சாலையில் ஆசிய யானைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது காற்றில் ஏதோ அதிர்வதை உணர்ந்தார். தேர்த் திருவிழாவில் பம்பைக்குப் பக்கத்தில் நின்றால் காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத் தெரியுமே, அப்படி. பதிவு செய்து பார்த்ததில் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான, அதாவது நொடிக்கு அத்தனை முறை அதிரும் குரல்கள் கிடைத்தன. மனிதக் காது கேட்கத் தொடங்குவதே சுமார் 20 ஹெர்ட்ஸில்தான்.

இவ்வளவு தாழ்ந்த குரல் எப்படி வருகிறது? பூனை தசையைத் துடிக்கவிட்டு உர்ரென்பதுபோலவா என்ற சந்தேகம் வெகுநாள் இருந்தது. இறந்துபோன ஒரு யானையின் குரல்வளையை எடுத்து அதில் காற்றை ஊதிப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளியானது. மூளையின் கட்டளை எதுவும் இல்லாமலே குரல்நாண்கள் அந்தத் தாழ்ந்த சுருதியில் அதிர்ந்தன. நாம் பேசுகிற அதே முறைதான். நாண்கள் மட்டும் பல மடங்கு நீளம்.

தாழ்ந்த சுருதியால் என்ன லாபம்? 15 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 23 மீட்டர் நீளம், இரண்டு லாரியை வரிசையாக நிறுத்தியதுபோல. அந்த அலைக்கு மூங்கில் புதரும் மரமும் ஒரு தடையே இல்லை. இதில் இரவும் கைகொடுக்கிறது. பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே இருக்கும் காற்றில் சூடு தங்கியிருக்கும். மேலே போகிற ஒலி வளைந்து கீழேயே திரும்பும். காற்றோட்டமில்லாத தெளிந்த இரவில் ஒரு குரல் 10 கிலோமீட்டர் வரை எட்டலாம் என்று ஆப்பிரிக்காவின் சவன்னாப் புல்வெளியை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். தளி, அஞ்செட்டிப் பக்கத்துக் காடு சவன்னா இல்லைதான். ஆனால் கார்த்திகை, மார்கழிப் பனி இரவு இங்கே எப்படி இருக்கும் என்று பரணில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

காதோடு முடியவில்லை, காலும் கேட்கிறது. உறுமல் தரைக்குள்ளும் இறங்கி ஓடும். யானையின் பாதத்தில் மெத்தைபோலக் கொழுப்பு இருக்கிறது. அதிர்வை உணரும் நரம்பு முனைகளும் இருக்கின்றன. நமீபியாவின் எடோஷா தேசியப் பூங்காவில் ஆய்வாளர் கெய்ட்லின் ஓ'கானல், யானைகளின் எச்சரிக்கைக் குரலைத் தரை வழியாக மட்டும் அனுப்பிப் பார்த்தார். தங்கள் பகுதி யானைகளின் குரல் என்றால் கூட்டம் நெருங்கி ஒட்டிக்கொண்டது. கென்யா யானைகளின் குரலுக்கு அவ்வளவு பதற்றம் இல்லை. தெரிந்தவன் சொன்னால்தான் நம்புவேன் என்கிற மாதிரி.

வாசனை இன்னொரு மொழி. கடாம் என்று பழந்தமிழ் சொல்லும் மதநீரை வண்டுகள் மொய்ப்பதாகப் புலவர்கள் பாடியதைக் கற்பனை என்றே நானும் நினைத்திருந்தேன். 2002-ல் வந்த ஓர் ஆய்வு, இளம் ஆசியக் களிறுகளின் மதநீர் தேன்போல மணக்கிறது, வயது ஏற ஏறத்தான் நாற்றமடிக்கிறது என்றது. எழுதிய மூவரில் ஒருவர் தமிழ்நாடு வனத்துறையின் கால்நடை மருத்துவராக இருந்த வி. கிருஷ்ணமூர்த்தி. தேன் மணம் வந்தால் 'இவன் பொடியன்' என்று அர்த்தம். பெரிய களிறு அவனைச் சண்டைக்குரியவனாக எண்ணாது.

சரி, அந்த மூன்று கொம்பன்கள் ஏன் சேர்ந்து வந்தன? பாடப்புத்தகக் கணக்குப்படி, பிடிகளும் கன்றுகளும் கூட்டமாக இருக்கும். ஆண்யானை பத்துப் பதினைந்து வயதில் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து பெரும்பாலும் தனியாகத் திரியும். நம் பக்கத்தில் அந்தக் கணக்கு பொய்த்துக்கொண்டிருக்கிறது. ஆய்வாளர் நிஷாந்த் சீனிவாசய்யாவும் உடனிருந்தோரும் தென்னிந்தியாவில் 248 ஆண்யானைகளை அடையாளம் கண்டு, 1,445 படப்பதிவுகளை ஆராய்ந்து 2019-ல் எழுதினார்கள். காட்டைவிட்டு வயலும் ஊருமாக இருக்கும் இடங்களுக்கு வரும் இளங்களிறுகள் ஆண்களாகவே கூட்டம் சேர்கின்றன. ராகி காட்டுப் புல்லைவிடச் சத்தானது. ஆனால் எடுக்கப் போனால் வெடி, நெருப்பு, கரண்டு வேலி. தனியாகப் போவதைவிட, அனுபவமுள்ள பெரியவனோடு போனால் பிழைக்க வழியுண்டு.

மாமாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "பெரியவன் எப்பவும் முன்னாடி வரமாட்டான். ஓரமா நின்னு பார்ப்பான். வெடி போட்டா சின்னவனுங்கதான் மிரளுவானுங்க, அவன் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான்" என்றார். அடுத்த நாள் இரவு அதே மூன்றும் வந்தன. கூடவே தந்தம் ஒரு முழம்கூட வளராத புதியவன் ஒருத்தன். ஒரு ராகித் தூரைப் பிடுங்கி மண்ணோடு வாயில் வைத்து, துப்பினான். பக்கத்தில் நின்ற பெரியது காலில் தட்டித் தின்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்த தூரைத் தட்டினான்.